வாசலில் ஒரு ராஜா பாக்கு மரம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



புதிதாக வாங்கிய ஒரு வரிசை வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கேட்டுக்குப் பக்கத்தில் ஆறடி அகலத்தில் ஒரு துண்டு மண். வீடு குடிபோவதற்கு முன்பு வாசலில் ஏதாவது நட வேண்டும் என்று கணவனும் மனைவியும் ஞாயிற்றுக்கிழமை நர்சரிக்குப் போகிறார்கள். அங்கே ஒரு மரத்தைப் பார்த்ததும் இருவரும் நின்றுவிடுகிறார்கள். பாக்கு மரத்தைப் போல் மெல்லிய பச்சைத் தண்டுகள், கொத்தாகப் பத்துப் பன்னிரண்டு. மட்டைகளும் பச்சைதான். ஆனால் மட்டைக் காம்பும், அது தண்டைச் சுற்றி மூடியிருக்கும் உறையும் குங்குமத்தில் தோய்த்து எடுத்ததைப் போன்ற சிவப்பு.

விலை கொஞ்சம் அதிகம்தான். இருந்தாலும் வாங்கி வந்து நட்டுவிடுகிறார்கள். குடிபோகும் விழாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் மரத்தின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு மாதத்தில் மட்டை நுனி கருகுகிறது. நான்காவது மாதம் குருத்து விரியாமலே காய்கிறது. ஆறாவது மாதம் வாசலில் நிற்பவை வெறும் குச்சிகள். “அப்பவே சொன்னேன், இந்த மரம் வீட்டுக்கு ஆகாதுன்னு” என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்லிவிடுகிறார். பழி மரத்தின் தலையில் விழுகிறது.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இந்தக் கதை நடக்காத தாமான் இருக்காது. மரத்திற்கு ராசி இல்லாததால் அது சாகவில்லை. அது எங்கிருந்து வந்தது, எந்த மண்ணில் வாழும் மரம் என்று யாரும் கேட்காததால் செத்தது. மண்ணின் மரத்தை வீட்டில் வளர்ப்பது எப்படி, ஏன் என்பதை இந்த ஒரு மரத்தை வைத்தே பார்க்கலாம்.

அரக்கு நிறத்து அரசன்

மலாய்க்காரர்கள் இம்மரத்தைப் ‘பினாங் ராஜா’ என்பார்கள். பினாங் என்றால் பாக்கு. ராஜாவுக்குத் தமிழருக்கு விளக்கம் தேவையில்லை. ‘பினாங் மேரா’, அதாவது சிவப்புப் பாக்கு என்றும் ஒரு பெயர் உண்டு. தாவரவியலில் சிர்ட்டோஸ்டாக்கிஸ் ரெண்டா. ஆங்கிலத்தில் இதற்கு ‘முத்திரை அரக்குப் பனை’ என்று பொருள்படும் பெயர். முன்பெல்லாம் கடித உறையையும் பத்திரத்தையும் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரையிடுவார்கள் அல்லவா, அந்தச் சிவப்பு. ‘அரக்குக் கலர்’ என்று பட்டுச்சேலை எடுக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த நிறத்தை வேறு எப்படியும் விவரிக்க வேண்டியதில்லை.

பெயரில் பாக்கு இருந்தாலும் இது வெற்றிலையோடு மெல்லும் பாக்கு அல்ல. பழம் சிறியது, பழுத்தால் கறுக்கும். அழகுக்காகத்தான் மனிதர்கள் இதை வளர்க்கிறார்கள். தீபகற்ப மலேசியா, தென் தாய்லாந்து, சுமத்ரா, போர்னியோ ஆகியவை இதன் பிறந்த வீடு. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா தன் சின்னமாகத் தேர்ந்தெடுத்த மரமும் இதுதான். 1859இல் தொடங்கி, 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தலமான அந்தப் பூங்காவில் உலகின் பல மூலைகளிலிருந்து வந்த மரங்கள் உண்டு. அத்தனையிலும் சின்னமாகும் தகுதி பக்கத்துச் சதுப்பில் பிறந்த மரத்துக்குக் கிடைத்தது.

வாசலில் நிற்பவை எந்த ஊர் மரங்கள்?

தாமான்களில் ஒரு மாலை நேரம் நடந்து பாருங்கள். வேலி ஓரத்தில் மஞ்சள் தண்டோடு கொத்தாக நிற்கும் பனை மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. நரிவால் போல் மட்டை அடர்ந்திருப்பது ஆஸ்திரேலியாவின் வடகோடி மரம். பண்டிகைக் காலத்தில் சிவப்புக் காய்கள் தொங்குவது பிலிப்பீன்ஸ் பக்கத்து மரம். பெரிய சாலைகளின் இருபுறமும் சிமெண்டுத் தூண்போல் நிற்கும் ராஜப்பனை கியூபா வட்டாரத்தைச் சேர்ந்தது. எல்லாம் நல்ல மரங்கள்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் தீபகற்ப மலேசியாவில் மட்டும், பிரம்பு வகைகளையும் சேர்த்து, ஏறத்தாழ 200 வகைப் பனைகள் இயற்கையாக வளர்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டுகூட வாசலுக்கு வராமல் போனது யோசிக்க வேண்டிய விஷயம்.

இதில் தமிழர்களுக்கு மட்டும் உரிய ஒரு வேடிக்கையும் இருக்கிறது. மலேசியத் தமிழில் ‘செம்பனை’ என்றால் என்ன மரம் நினைவுக்கு வரும்? எண்ணெய் எடுக்கும் மரம். அது இந்த மண்ணின் மரம் அல்ல, மேற்கு ஆப்பிரிக்காவின் மரம். 1848இல் ஜாவாவிலுள்ள போகோர் தோட்டத்தில் நான்கு கன்றுகள் நடப்பட்டன. 1870களில் மலாயாவுக்கு வந்தபோது அதை அழகு மரமாகத்தான் கொண்டுவந்தார்கள். 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் வாணிபத்திற்காக நட்ட பிறகுதான் அதன் கதை மாறியது. பால்மரமும் அப்படித்தான். பிரேசிலில் பிறந்து, லண்டன் கியூ தோட்டம் வழியாக 1877இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. அதில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன.

தோட்டப்புறத்தில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் உழைத்தது இந்த இரண்டு வெளியூர் மரங்களின் நிழலில். ஆகவே அவற்றுக்குத் தமிழில் பெயர் உண்டு, பேச்சு உண்டு, பாட்டும் உண்டு. உண்மையிலேயே சிவப்பாக இருக்கும் உள்ளூர்ப் பனைக்கோ தமிழில் ஒரு பெயர்கூட நிலைக்கவில்லை.

பழைய ஊர்ப் பெயர்களைக் கேட்டால் மண்ணின் பனைகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். பினாங்கு பாக்கு மரத்தின் பெயர். நிபோங் தெபால் என்பதில் உள்ள நிபோங் முள் அடர்ந்த உயரமான ஒரு சதுப்புப் பனை, தெபால் என்றால் அடர்த்தி. கோலசிலாங்கூருக்குப் பக்கத்து புக்கிட் ரோத்தானில் ரோத்தான் என்பது பிரம்பு. பிரம்பும் பனைக் குடும்பம்தான். செர்டாங் விசிறி இலைப் பனையின் பெயர். பெர்தாம் என்பதும் காட்டுப் பனை ஒன்றின் பெயரே. இந்த ஊர்களில் எல்லாம் தமிழர்கள் வாழ்கிறார்கள். முகவரியில் தினமும் எழுதுகிற பெயருக்குரிய மரத்தைப் பார்த்தவர்கள்தான் குறைவு.

பிறந்த வீடு எப்படிப்பட்டது?

ராஜா பாக்கு வளர்வது ‘பாயா’ என்று சொல்லும் சதுப்புக் காட்டில். அதிலும் குறிப்பாகக் கடற்கரைக்கு உட்பட்ட தாழ்நிலங்களில் உள்ள ‘தானா கம்புட்’ எனும் கரிச்சதுப்பில். அங்கே விழும் இலையும் கிளையும் தண்ணீரிலேயே கிடக்கும். காற்று புகாததால் முழுதாக மக்குவதில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இப்படிச் சேர்ந்து சேர்ந்து பல மீட்டர் ஆழத்துக்குக் கறுத்த மண்ணாகிறது. தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும். மண் புளிப்புத் தன்மை மிகுந்தது, சத்து குறைந்தது. பெரும்பாலான மரங்களுக்கு அந்த இடம் தண்டனை. ராஜா பாக்குக்கு அதுதான் அரண்மனை.

அந்த அரண்மனை சுருங்கிக்கொண்டு வந்திருக்கிறது. கரிச்சதுப்பில் வேளாண்மை செய்ய வேண்டுமானால் முதலில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடிக்க வேண்டும். மலேசியாவிலும் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் பெரும் பரப்புகள் இப்படி வடிக்கப்பட்டுச் செம்பனைத் தோட்டங்களாயின. தண்ணீர் வடிந்த கரிச்சதுப்பு காய்ந்தால் விறகு மாதிரி. ஒரு முறை தீப்பிடித்தால் மண்ணுக்கடியில் வாரக்கணக்கில் புகையும். 1997இலும் 2015இலும் 2019இலும் இந்த வட்டாரம் மூச்சுத் திணறியதற்கு அந்தத் தீ ஒரு பெரிய காரணம். 2013 ஜூன் 21ஆம் தேதி சிங்கப்பூரில் காற்றுத் தூய்மைக் கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. அன்று முகக்கவசம் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கியவர்களுக்கு அந்தப் புகை எந்த மண்ணிலிருந்து வந்தது என்று தெரிந்திருக்கும். அப்படிப்பட்ட மண்தான் ராஜா பாக்கின் பிறந்த வீடு.

ஆகவே வாசலில் இந்த மரத்தை வைப்பது அழகுக்காக மட்டுமல்ல. காட்டில் இடம் குறைந்துவரும் ஒரு மரத்தைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்து, பெயர் சொல்லி வளர வாய்ப்பும் அதில் இருக்கிறது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வாசலுக்கு வரும் மரம் காட்டிலிருந்து பிடுங்கி வந்ததாக இருக்கக் கூடாது.

வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி

இந்த மரம் மிக மெதுவாக வளரும். விதை முளைக்கவே இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். முளைத்த கன்று முதலில் பச்சையாகத்தான் இருக்கும். சிவப்பு ஏறச் சில ஆண்டுகள் ஆகும். அவ்வளவு காலம் தண்ணீர் ஊற்றிக் காத்திருப்பது நர்சரிக்காரருக்குச் செலவு. சதுப்பில் வளர்ந்த பெரிய தூரை வெட்டி எடுத்துத் தொட்டியில் வைத்தால் நாளையே விற்றுவிடலாம். ஆசை எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வனக் காப்பகத்திலிருந்து உரிமம் இல்லாமல் செடியை எடுப்பது மலேசியாவின் 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பறித்து வந்த தூர் வாங்கியவருக்கும் நட்டம். பனை வகைகளுக்கு ஆணிவேர் கிடையாது. தண்டின் அடியிலிருந்து நூற்றுக்கணக்கான சல்லி வேர்கள் இறங்கும். தோண்டும்போது அவற்றில் பெரும்பகுதி அறுந்துபோகும். மட்டைகள் மேலே ஈரத்தைச் செலவழித்துக்கொண்டே இருக்கும், கீழிருந்து வரவு இராது. தண்டில் சேர்த்து வைத்திருப்பதைக் கொண்டு சில மாதம் பச்சையாக நிற்கும். அதற்குள் கைமாறிவிடும். நம் கற்பனைக் குடும்பத்து மரம் செத்தது இப்படித்தான்.

“அண்ணே, இது விதையில வளர்த்ததா, எங்கேயாவது தோண்டி எடுத்ததா?” என்று நேராகக் கேட்டுவிடலாம். நேர்மையான வியாபாரி சொல்லிவிடுவார். சொல்லாவிட்டாலும் மரமே சொல்லும். தொட்டியிலேயே வளர்ந்த கன்றின் வேர் தொட்டியின் அடித்துளை வழியே எட்டிப் பார்க்கும். தண்டை மெல்ல அசைத்தால் மண்ணும் சேர்ந்து அசையும். அண்மையில் தோண்டி வைத்ததாக இருந்தால் தண்டு தனியாக ஆடும். மட்டைகளைப் பாதியாக நறுக்கியிருப்பார்கள். அடித்தண்டில் மண்வெட்டி பட்ட காயம் இருக்கும். ஒரு பெரிய தூருக்குக் கொடுக்கும் விலையில் முழங்கால் உயரக் கன்றுகள் பல வாங்கலாம். அதில் ஒன்று போதும்.

தெரிந்தவர் வீட்டில் இம்மரம் இருந்தால் இன்னும் நல்லது. கறுத்துப் பழுத்த பழத்தை வாங்கி, சதையைக் கழுவி, உலரவிடாமல் உடனே தேங்காய்நார்த் தூளில் விதைக்க வேண்டும். நிழலில் வைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் முளைக்கும். தூரின் ஓரத்தில் வரும் பக்கக் கன்றைப் பிரித்து நடுவதும் உண்டு. ஆனால் அதற்குச் சொந்த வேர் வந்திருக்க வேண்டும். தாய்த் தண்டோடு உள்ள இணைப்பை மட்டும் முதலில் வெட்டி, அங்கேயே இரண்டு மூன்று மாதம் விட்டு, பிறகு மண்ணோடு எடுப்பது பாதுகாப்பு. அவசரப்பட்டுப் பிய்த்தால் கன்று பிழைப்பது அரிது.

எங்கே, எப்படி நடுவது?

மரம் பெரிதானால் பத்து மீட்டர் வரை உயரும், தூரும் அகலும். எனவே சுவரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி நடுவது நல்லது. பனை வேர்கள் ஆலமரத்து வேர்போல் பருக்காது என்பதால் சுவரைப் பெயர்த்துவிடும் என்ற பயம் தேவையில்லை.

சின்ன வயதில் பாதி நிழல் போதும். வளர்ந்த பிறகு நல்ல வெயில் வேண்டும். வெயில் குறைந்தால் மரம் சாகாது, ஆனால் சிவப்பு மங்கும். வீட்டின் எந்தப் பக்கம் காலையிலிருந்து வெயில் விழுகிறதோ, எந்தப் பக்கம் மழைநீர் தானாக வந்து சேருகிறதோ, அந்த இடமே சரியான இடம். எதை நட்டாலும் அழுகிப்போகும் ஈர மூலை ஒன்று வீட்டில் இருந்தால், அது இந்த மரத்துக்காகக் காத்திருக்கும் மூலை என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது மண். புது வீடுகளின் வாசலில் மேலே நாலு அங்குலம் செம்மண், கீழே உடைந்த செங்கல், காய்ந்த சிமெண்டு, ஓட்டுத் துண்டு. சிமெண்டில் சுண்ணாம்பு உண்டு. புளிப்பு மண்ணுக்குப் பழகிய மரத்துக்குச் சுண்ணாம்பு ஆகாது. இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் புதிதாக வரும் இலை வெளிறிப்போகும். ஆகவே கன்றின் தொட்டியைவிட மூன்று மடங்கு அகலமாகக் குழி எடுத்து, கட்டட இடிபாட்டை முழுவதும் அப்புறப்படுத்த வேண்டும். அந்தக் குழியில் மக்கிய இலை, தேங்காய்நார்த் தூள், தோட்ட மண் மூன்றையும் கலந்து நிரப்பலாம். தொட்டியில் எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில்தான் நட வேண்டும். தண்டைப் புதைத்தால் அழுகும்.

நட்டபின் சுற்றிலும் காய்ந்த இலைகளை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பிவிடுங்கள், தண்டை ஒட்டி மட்டும் வேண்டாம். வாசலைக் கூட்டிப் பை பையாகக் கட்டி வெளியே வைக்கும் அதே இலைகள்தான். சதுப்புக் காட்டில் இந்த மரத்துக்குச் சோறு போடுவதும் அவைதான்.

தண்ணீர் வேண்டும், கொசு வேண்டாம்

இந்த மரத்தின் காலடி ஒரு நாளும் காயக் கூடாது. தண்ணீரிலேயே நின்றாலும் பொறுத்துக்கொள்ளும், வறட்சியைத்தான் பொறுக்காது. மழை இல்லாத வாரங்களில் தினமும் நன்றாக நனைய ஊற்ற வேண்டும். பள்ளி விடுமுறையில் பத்து நாள் வெளியூர் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கற்பனைக் குடும்பத்து மரம், வேர் அறுந்த நிலையில், இரண்டு நாளுக்கு ஒரு முறை ஒரு வாளித் தண்ணீரில் எப்படிப் பிழைக்கும்?

இங்கேதான் இந்த நாட்டுக்கே உரிய சிக்கல் வருகிறது. தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு. ஏடிஸ் வந்தால் டெங்கி. முட்டை கொசுவாவதற்கு நம் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு வாரம் போதும். ஒட்டிய முட்டைகள் காய்ந்த தொட்டியிலும் பல மாதம் உயிரோடு இருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வீட்டில் கொசு இனப்பெருக்கத்துக்கு இடம் கொடுத்தால் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அபராதம் உண்டு. அபராதத்தைவிடப் பெரிது வீட்டுப் பிள்ளையின் காய்ச்சல். மரம் ஈரம் கேட்கிறது என்பதற்காக உயிரைப் பணயம் வைக்க முடியாது.

இரண்டையும் சேர்த்துக் காப்பாற்ற வழி இருக்கிறது. மரம் கேட்பது ஈரமான மண், கொசு கேட்பது திறந்த தண்ணீர். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் போதும்.

தரையில் நட்ட மரத்துக்குக் குளம் கட்டாதீர்கள், மேலே சொன்ன இலைப்போர்வையே ஈரத்தைப் பிடித்து வைக்கும். தொட்டியில் வளர்த்தால் அடித்தட்டே வேண்டாம். தரை நனையும் என்று தட்டு வைத்தே ஆக வேண்டுமானால் அதை விளிம்புவரை மணலால் நிரப்பிவிடுங்கள். தட்டை வாரம் ஒரு முறை கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவினால்தான் ஒட்டிய முட்டை போகும். தொட்டி மண் இறுகி மேலே தண்ணீர் நின்றால், ஒரு கம்பியால் கிளறிவிடுங்கள். தோட்டத்தில் குளம் வைத்து அதன் ஓரத்தில் இம்மரத்தை நட வசதியுள்ளவர்கள் அதில் கப்பி மீன் விடலாம், கொசுப்புழுவை அது தின்றுவிடும்.

பலர் கவனிக்காத ஒன்று, விழுந்து கிடக்கும் மட்டை. மட்டையின் சிவப்பு உறை கழன்று விழுந்ததும் ஒரு சின்னப் படகு மாதிரி கிடக்கும். ஒரு மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும். எனவே மட்டை விழுந்த அன்றே எடுத்துவிட வேண்டும், அல்லது துண்டு துண்டாக நறுக்கி மரத்தின் அடியிலேயே போட வேண்டும். பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் மரத்தோடு அவர்களுக்கு ஒரு சொந்தமும் வந்துவிடும்.

கத்தியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

பனைக்கு ஒரு தண்டுக்கு ஒரே ஒரு குருத்து. அதை வெட்டினால் அந்தத் தண்டின் கதை முடிந்தது. “தலையை வெட்டினால் பக்கத்தில் துளிர்க்கும்” என்பது மற்ற மரங்களுக்குப் பொருந்தும், பனைக்குப் பொருந்தாது. ராஜா பாக்கு கொத்தாக வளர்வதால் பக்கத்துத் தண்டுகள் பிழைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். உயரம் அதிகமான தண்டை எடுக்க விரும்பினால் அடியோடு அறுத்து எடுங்கள், இளந்தண்டுகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பழைய மட்டை மஞ்சளாகத் தொடங்கியதுமே வெட்டிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. பொட்டாசியம், மக்னீசியம் போன்ற சத்துகள் குறைந்தால் மரம் பழைய மட்டையிலிருந்து அவற்றை உறிஞ்சிப் புது மட்டைக்குக் கொடுக்கும். பாதி மஞ்சளான மட்டையை வெட்டுவது, கடைசிச் சேமிப்பையும் பிடுங்குவதற்குச் சமம். முழுதும் காய்ந்த பிறகு எடுத்தால் போதும். மெதுவாகக் கரையும் பனை உரத்தை ஆண்டுக்குச் சில முறை கொஞ்சமாகப் போடுங்கள். சத்துக் குறைந்த மண்ணில் பிறந்த மரத்துக்கு அள்ளிக் கொட்டினால் வேர் கருகும். சிமெண்டுச் சுவருக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு கலந்த உரம் வேண்டவே வேண்டாம்.

வெயில் இல்லாத வீட்டுக்கு என்ன வழி?

எல்லா வீட்டு வாசலிலும் வெயில் விழுவதில்லை. வீட்டின் பக்கவாட்டில், பெரிய மரத்தின் நிழலில் ஈரமான இடம் இருந்தால் ‘பாலாஸ்’ எனும் விசிறிப் பனை வைக்கலாம். ஹரிராயாவுக்கு முக்கோணமாகக் கெத்துப்பாட் மடிக்கிறார்களே, அந்த இலைதான். ஆளுயரம் இரண்டாள் உயரத்துக்கு மேல் போகாத வகைகள் அதில் உண்டு. இன்னும் ஆழ்ந்த நிழல் என்றால் ‘டாவுன் பாயோங்’, அதாவது குடை இலை. தண்டு வெளியே தெரியாமல் தரையிலிருந்தே ஓர் ஆளை மறைக்கும் பெரிய முழு இலைகளாக எழும் பனை அது. காட்டுவாசிகள் கூரை வேயும் இலை. நேர் வெயிலும் பலத்த காற்றும் அதற்கு ஆகாது. இவற்றையும் விதையில் வளர்த்த கன்றாகவே வாங்க வேண்டும்.

மண்ணின் மரம் என்பதற்காக எல்லாவற்றையும் வாசலுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதில்லை. நிபோங் மரத்தின் தண்டெல்லாம் ஊசி ஊசியாக முள். சிறு பிள்ளைகள் ஓடியாடும் வீட்டுக்கு அது சரிப்படாது. மீன்வால் பனையின் பழச்சாறு பட்டால் தோல் அரிக்கும், வாயில் வைத்தால் பொறுக்க முடியாது. அவை பூங்காவில் இருக்கட்டும்.

அடுக்குமாடி வீட்டினர் ராஜா பாக்கைத் தொட்டியில் சில ஆண்டுகள் வளர்க்க முடியும். ஆனால் உயரமான மாடியில் ஓயாமல் வீசும் காற்று மட்டை நுனியைக் கருக்கும். காற்று தாக்காத ஓரமாகப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் வீட்டுக்கு வெளியே பொது நடைபாதையில் வைப்பவர்கள் அவசர காலத்துக்காக 1.2 மீட்டர் அகல வழி விட வேண்டும் என்ற விதியை மறந்துவிடக் கூடாது. வளர்ந்த மரம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுபவர்கள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போகலாம். அங்குள்ள பனைப் பள்ளத்தாக்கு 1879இல் தொடங்கப்பட்டது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் ரிம்பா இல்மு தோட்டத்திலும் பனை வகைகள் பல உண்டு.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை

அந்தக் கற்பனைக் குடும்பத்துக்கே திரும்புவோம். காய்ந்த குச்சிகளைப் பிடுங்கி எறிந்த பிறகு அந்தத் துண்டு மண் காலியாகக் கிடக்கிறது. அவர்கள் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை நர்சரிக்குப் போகிறார்கள். இந்த முறை முழங்கால் உயரத்தில், இன்னும் சிவப்பே ஏறாத ஒரு கன்றை வாங்குகிறார்கள். குழியிலிருந்து செங்கல்லையும் சிமெண்டையும் எடுத்து வெளியே போடுகிறார்கள். மகளிடம், “இது உன் மரம்மா. விழுற மட்டைய நீதான் எடுக்கணும்” என்று சொல்கிறார்கள். “எப்பப்பா சிவப்பாகும்?” என்று அவள் கேட்கிறாள். அப்பாவுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவள் தொடக்கப் பள்ளியை முடிக்கும் முன்பு காம்பில் சிவப்பு ஏறிவிடலாம். அவள் வேலைக்குப் போகும் காலத்தில் அது வீட்டுக் கூரையைத் தொடலாம்.

இந்தக் காத்திருப்புதான் பலரால் முடியாமல் போகிறது. வளர்ந்த மரமே உடனே வேண்டும் என்பவர்களின் அவசரத்துக்கு விலை கொடுப்பது எங்கோ உள்ள சதுப்புக் காடு. அங்கிருந்து பெயர்க்கப்பட்ட தூர் வாசலில் செத்தால் காட்டுக்கும் நட்டம், வீட்டுக்கும் நட்டம். விதையில் வளர்ந்த ஒரு சின்னக் கன்று பிழைத்தால் இரண்டுக்கும் லாபம்.

பாட்டன் பூட்டன் காலத்தில் தமிழர்கள் இந்த மண்ணில் நட்ட மரங்கள் யாரோ நடச் சொன்ன மரங்கள். லாபம் யாருக்குப் போனது என்பதும் தெரிந்த கதை. இன்று சொந்த வீடும் சொந்த வாசலும் இருக்கிறது. அதில் என்ன மரம் நட வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமையும் இருக்கிறது. அதில் ஓரிடத்தை இந்த மண்ணின் மரம் ஒன்றுக்குக் கொடுக்கலாம். தமிழில் பெயர் இல்லாத மரம் என்று சொன்னோம் அல்லவா? ராஜா பாக்கு என்று பிள்ளைகள் கூப்பிடத் தொடங்கினால் அதுவே பெயராகிவிடும்.